44-ஆம் இடத்தில் நின்ற கப்பற்பாட்டு

ஒரு பாட்டு புறக்கணிக்கப்பட்டது என்று ரசிகர்கள் குறைப்பட்டுக்கொள்ளும்போது, அந்தக் குறையை அப்படியே ஒப்புக்கொள்ளாமல் சற்று விசாரித்துப் பார்ப்பது நல்லது. யாருடைய செவியிலும் விழாமலே போன பாட்டு உண்டு. விழுந்தும் பிடிக்காமல் ஒதுக்கப்பட்ட பாட்டு உண்டு. இவ்விரண்டிலும் சேராமல், கேட்டவர்கள் எல்லாரும் மெச்சிவிட்டு, மெச்சிய மறுகணமே வேறொன்றைப் பற்றிப் பேசப் போய்விட்ட பாட்டும் உண்டு. இங்கிலாந்தைச் சேர்ந்த புரோகல் ஹாரம் என்னும் ராக் கோஷ்டியார் 1969-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'எ ஸால்ட்டி டாக்' என்ற பாட்டு இந்த மூன்றாவது ஜாதியைச் சேர்ந்தது. பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 44-ஆம் இடம்வரை ஏறி அங்கிருந்தே இறங்கிவிட்ட அந்தப் பாட்டை வசைபாடியவர் அரிது. ஆயினும் ராக் சங்கீதத்தின் சரித்திரத்தை எழுதப் புகுந்தவர்களில் பெரும்பாலோர் அதற்கு ஓர் அடைமொழியைச் சூட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். இதற்குக் காரணம் பாட்டில் உள்ளதா, கேட்டவர்களிடத்தில் உள்ளதா, அவர்கள் கையில் வைத்திருந்த அளவுகோலில் உள்ளதா என்பதே இங்கு நம் விசாரணை. அளவுகோலில்தான் உள்ளது என்பது என் அபிப்பிராயம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தீர்ப்பைக் கடைசிவரை ஒளித்துவைப்பது துப்பறியும் கதைக்கு அழகாகலாம், விமர்சனத்துக்கு அழகாகாது.

புரோகல் ஹாரம் கோஷ்டியின் துரதிருஷ்டம் அதன் முதல் வெற்றியிலேயே பிறந்துவிட்டது. 1967-ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளிவந்த 'எ ஒயிட்டர் ஷேட் ஆஃப் பேல்' என்ற அவர்களுடைய முதற்பாட்டு, ஆறு வாரங்கள் பிரிட்டனில் முதலிடத்தில் வீற்றிருந்தது. மாத்யூ ஃபிஷர் என்ற இளைஞர் ஹாம்மண்ட் ஆர்கனில் வாசித்த, பாஹ் என்ற ஜெர்மானிய மேதையின் சாயல் படிந்த அந்த நாதம், அந்தக் கோடைகாலத்தின் முத்திரையாகவே ஆகிவிட்டது. பிரிட்டனில் பொது இடங்களில் எழுபத்தைந்து ஆண்டுகளில் மிக அதிகமாக ஒலிபரப்பான இசைத்தட்டு அதுவே என்று 2009-இல் அறிவிக்கப்பட்டது; அதே ஆண்டில், அப்பாட்டின் கர்த்திருத்துவத்தில் ஃபிஷருக்கும் பங்கு உண்டு என்று பிரபுக்கள் சபையின் நீதிபதிகள் முடிவாகத் தீர்ப்பளித்தார்கள். நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும் நீதிமன்றத்தில் வழக்காடத் தூண்டும் அளவுக்கு ஐசுவரியமும் கீர்த்தியும் கொண்ட ஒரு பாட்டைத் தம் முதல் அடியிலேயே எடுத்து வைத்துவிட்டவர்கள், இரண்டாம் அடியை எங்கே வைப்பார்கள்? அதன்பின் வந்த 'ஹோம்பர்க்' ஆறாம் இடத்தை அடைந்தது. அதற்கும் அப்பால் வந்தவை எல்லாவற்றையும் உலகம் முதற்பாட்டின் தம்பிகளாகவே பாவித்தது.

தம்பி என்று எண்ணிக் கேட்பவன் இந்தப் பாட்டில் ஏமாறவே செய்வான். முதற்பாட்டின் உயிராக இருந்த ஆர்கன் இதில் முன்னுக்கு வரவில்லை. பின்னாளில் தனிப்பெயர் ஈட்டிய ராபின் ட்ரோவரின் கிதாரும் இதில் கொடிபிடித்து நடக்கவில்லை. பியானோவில் அமர்ந்து பாடும் கேரி புரூக்கரின் குரலும், அவரே ஸ்வரப்படுத்திக் கொடுத்த தந்தி வாத்தியங்களும், பி. ஜே. வில்சனின் டிரம்ஸும்தான் இதன் சர்வஸ்வம். புரூக்கர் லண்டனில் பிறந்து, தேம்ஸ் நதி கடலோடு கலக்கும் முகத்துவாரத்தில் உள்ள சௌத்தெண்ட் என்னும் ஊரில் வளர்ந்தவர். அந்த ஊர் இளைஞர்களோடு பாரமவுண்ட்ஸ் என்ற கோஷ்டியில் கறுப்பர்களின் தாளச்சங்கீதத்தைப் பாடிப் பழகியவர். கப்பற்பாட்டு எழுதுவதற்குக் கடற்கரை ஊரில் வளர்ந்திருக்க வேண்டும் என்ற நியதி இல்லை என்றாலும், அலை கரையில் மோதித் திரும்பும்போது ஒரு கணம் நிலவும் சந்தேகத்தை அவர் செவி அறிந்திருந்தது என்பதற்கு இந்தப் பாட்டின் முதல் சில விநாடிகளே சாட்சி.

அந்த விநாடிகளைக் கொஞ்சம் நிதானமாகக் கவனிக்கலாம். நீரின் ஓசையும் கடற்பறவைகளின் கூச்சலும் கேட்கின்றன. பிறகு தந்திகள் எழுகின்றன. அவை ஒலிக்கும் ஸ்வரக்கூட்டு ஒரு பக்கமும் சாயாமல், எது ஆதாரம் என்று செவிக்கு உறுதி சொல்லாமல், முன்னும் பின்னுமாக அசைந்துகொண்டே இருக்கிறது. மேற்கத்திய சங்கீதத்தில் வழக்கமாக முதல் அடியிலேயே நாட்டப்படும் வீட்டுக்கம்பம் இங்கே நாட்டப்படவில்லை. அந்த நிலையின்மைக்குள்தான் குரல் தன் முதல் வார்த்தையை வைக்கிறது. பாட்டின் பொருளோ, தலைவன் கட்டளையிட, மாலுமிகள் மேல்தளத்துக்கு ஓடிவர, கப்பல் எங்கே நிற்கிறது, எங்கே போகிறது என்று ஒருவருக்கும் திட்டமில்லாத ஒரு பயணத்தைப் பற்றியது. ஆகவே கடலைப் பற்றி வார்த்தை சொல்வதற்கு முன்பே ஸ்வரம் சொல்லிவிட்டது. முதற்சரணம் முழுவதும் டிரம்ஸ் இல்லை. பியானோவின் கனமான அடிகளே காலத்தைக் காட்டுகின்றன. தந்திகள் மெல்ல உயர்ந்து, குரல் தாழ்ந்த ஸ்தாயியிலிருந்து தன் எல்லைவரை ஏறி, அங்கே ஒரு கூவலாக முடிகிறது. இரண்டாம் சரணத்தில், மனிதர் அறியாத திசைகளுக்குக் கப்பல் புறப்படும்போதுதான் வில்சன் நுழைகிறார். இவ்வளவு நேரம் கேட்காதிருந்த தோற்கருவி அந்த இடத்தில் முழங்கும்போது, தாளம் சேர்ந்தது என்ற எண்ணம் எழுவதில்லை. காற்று கிளம்பிவிட்டது என்றே தோன்றுகிறது. டிரம்ஸ் வாசிப்பவர்கள் இன்றும் அந்த நுழைவை ஒரு பாடமாகச் சொல்லிக்கொள்வதில் வியப்பில்லை. எப்போது வாசிக்க வேண்டும் என்பதைவிட எவ்வளவு நேரம் வாசிக்காதிருக்க வேண்டும் என்பதை அறிந்தவனே லயஞானி.

இடையிலே கப்பலில் கட்டளைக்கு ஊதும் சீழ்க்கை ஒன்று கேட்கிறது. அதை ஊதியவர் கோஷ்டியின் சாமான்களைச் சுமந்து திரிந்த உதவியாளர். அவருக்கு ஆல்பத்தின் அட்டையில் வேடிக்கையாக ஒரு நன்றியும் தெரிவித்திருக்கிறார்கள். அந்த அட்டையே ஒரு வேடிக்கை: மாலுமியின் முகம் பொறித்த பிரசித்தமான பிளேயர்ஸ் சிகரெட்டுப் பெட்டியின் கேலிச் சித்திரம் அது. இவ்வளவு கம்பீரமான பாட்டுக்கு இவ்வளவு விளையாட்டான உறை போட்டவர்களைத் தற்பெருமைக்காரர் என்று விமர்சகர்கள் எப்படிச் சொன்னார்கள் என்பது எனக்கு விளங்காத விஷயம்.

சாகித்தியத்தை எழுதியவர் கீத் ரீட். இவர் எந்த வாத்தியத்தையும் வாசித்தவர் அல்லர். மேடையில் ஏறியவரும் அல்லர். ஆயினும் கோஷ்டியின் முழு அங்கத்தினராகவே எண்ணப்பட்டவர். மாலுமிகள் பல கடல்களைக் கடந்து, பல அபாயங்களைத் தாண்டி, கப்பல்கள் சாவதற்கென்றே வந்துசேரும் ஓர் இடத்தையும் கடந்து, கடைசியில் வெண்மணற்கரை ஒன்றைக் கண்டு, தங்கள் கப்பலின் பாய்மரத்தைத் தாங்களே எரித்துவிட்டுக் கரையேறுகிறார்கள். தலைவன் அழுகிறான், மற்றவர்களும் அழுகிறார்கள், ஆனால் அது ஆனந்தக் கண்ணீர். பல ஆண்டுகளுக்குப் பிறகு அந்த வரலாற்றை எழுதிவைத்தவன் தன் கையெழுத்தையே சாட்சியாகக் காட்டி முடிக்கிறான். இதுதான் கதை. கரை என்பது மோட்சமா, மரணமா, வெறும் தீவா என்பதை ரீட் சொல்லவில்லை; திரும்பிப் போக வழியில்லாதபடி பாய்மரத்தை எரித்தார்கள் என்று மட்டும் சொல்கிறார். அவருடைய தந்தை, 1938-ஆம் ஆண்டு நவம்பரில் வியன்னா நகரில் நாஜிகளால் கைதுசெய்யப்பட்ட ஆயிரக்கணக்கான யூதர்களுள் ஒருவர். பின்பு இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்தவர். தம் எழுத்தில் உள்ள இருளுக்கு அந்த வரலாற்றோடு சம்பந்தம் உண்டு என்று ரீட் பேட்டிகளில் ஒப்புக்கொண்டிருக்கிறார். அதற்காக இந்தக் கப்பலை அகதிகளின் கப்பல் என்று அடித்துச் சொல்லிவிட நான் துணியமாட்டேன். ஆனால் கரை கண்டவுடன் பாய்மரத்தை எரிக்கும் அந்தச் செய்கையைச் சாகசக்கதையின் அலங்காரம் என்று தள்ளிவிடுவதும் அவசரபுத்தியே.

இனி, வாத்தியகோஷ்டி என்ற விஷயத்துக்கு வருவோம். ஏனெனில் வழக்கு முழுவதும் அதன்மேல்தான். ராக் சங்கீதத்தில் வயலின்களையும் செல்லோக்களையும் அமர்த்திக்கொண்ட பாட்டுகள் 1960-களின் பிற்பகுதியில் ஏராளம். ஆனால் அவை எல்லாம் ஒரே வகையில் அமர்த்திக்கொண்டன என்று விமர்சகர்கள் எண்ணியதுதான் முதற்பிழை. மூடி புளூஸ் கோஷ்டியார் 1967-இல் 'டேஸ் ஆஃப் ஃபியூச்சர் பாஸ்ட்' என்ற ஆல்பத்தில் லண்டன் ஃபெஸ்டிவல் ஆர்கெஸ்ட்ரா என்ற பெயரில் ஒரு பெருங்குழுவைப் பயன்படுத்தினார்கள். அந்தக் குழுவுக்கு இசை அமைத்தவர் பீட்டர் நைட். அதை ஊன்றிக் கேட்டால், பெருங்குழு பெரும்பாலும் பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே வாசிப்பதும், பாட்டு தொடங்கியவுடன் ஒதுங்கிக்கொள்வதும் தெரியும். அந்த ஆல்பத்தின் சிகரமான 'நைட்ஸ் இன் ஒயிட் ஸாட்டின்' என்ற பாட்டின் நடுவே நாம் வயலின்கள் என்று நினைத்து உருகுவது பெரும்பாலும் மெல்லோட்ரான் என்ற யந்திரத்தின் ஒலி. அதில் ஒவ்வொரு கட்டையின் கீழும் முன்பே பதிவுசெய்த ஒரு நாடாத்துண்டு இருக்கும். கட்டையை அழுத்தினால் நாடா ஓடி வயலின் ஒலிக்கும். எட்டு விநாடிக்கெல்லாம் நாடா தீர்ந்துவிடும், விரலை எடுத்து மறுபடி அழுத்த வேண்டும். அந்தப் பாட்டும் முதலில் பிரிட்டனில் 19-ஆம் இடத்தோடு நின்று, 1972-இல் மறுபடி எழுந்து அமெரிக்காவில் இரண்டாம் இடத்துக்குப் போயிற்று என்பதையும் இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். காலம் கடந்து வரும் நியாயம் சில பாட்டுகளுக்குக் கிடைத்தது. நம் கப்பற்பாட்டுக்குக் கிடைக்கவில்லை.

இதற்கு நேர் எதிரான ஓர் உதாரணம் பீட்டில்ஸாரின் 'தி லாங் அண்ட் வைண்டிங் ரோட்'. பால் மெக்கார்ட்னி பியானோவோடு எளிமையாகப் பாடி வைத்திருந்த அந்தப் பாட்டின்மேல், 1970-இல் ஃபில் ஸ்பெக்டர் என்ற தயாரிப்பாளர், ஆறிப்போன சாதத்தின்மேல் நெய்யைக் கவிழ்த்தாற்போல, வயலின்களையும் பெண்குரல்களையும் சொரிந்துவிட்டார். மெக்கார்ட்னிக்கு உண்டான ஆத்திரம், கோஷ்டியைக் கலைக்கக் கோரி அவர் தொடுத்த வழக்கில் ஒரு புகாராகவே இடம்பெற்றது. அங்கே விமர்சகர்கள் வயலின்களைக் கண்டு முகம் சுளித்தது நியாயம். பாடியவனுக்கே தெரியாமல் பிறர் கையால் பூசப்பட்ட பூச்சு அது. ஆனால் அதே பீட்டில்ஸாரின் 'எலினார் ரிக்பி'யில், 1966-இல், ஜார்ஜ் மார்ட்டின் எழுதிக்கொடுத்த எட்டுத் தந்திக்கருவிகளை எல்லாரும் கைதட்டி வரவேற்றார்கள். ஏனெனில் அங்கே தந்திகளை எடுத்துவிட்டால் பாட்டே நிற்காது. இந்தப் பரீட்சையைக் கப்பற்பாட்டின்மேல் வைத்துப் பார்ப்போம். பாட்டுக்கு மெட்டு அமைத்தவரும், பாடியவரும், தந்திகளுக்கு ஸ்வரம் எழுதியவரும் ஒருவரே. தந்திகளை நீக்கினால் கடல் போய்விடும். கடல் போனால் கப்பல் தரையில் கிடக்கும். பூச்சு என்று சொல்ல இங்கே என்ன இருக்கிறது?

இவ்வளவு இருந்தும் 1969-ஆம் ஆண்டின் காற்று வேறு திசையில் அடித்துக்கொண்டிருந்தது. முந்திய ஆண்டில் தி பேண்ட் என்ற கோஷ்டியார் 'மியூஸிக் ஃப்ரம் பிக் பிங்க்' என்ற ஆல்பத்தில், படாடோபம் எதுவும் இல்லாத, மரவீட்டின் அடித்தளத்தில் உட்கார்ந்து பாடியது போன்ற ஒரு சங்கீதத்தைக் கொண்டுவந்தார்கள். பாப் டிலன் 1969 ஏப்ரலில் 'நாஷ்வில் ஸ்கைலைன்' என்ற நாட்டுப்புறச் சாயல் கொண்ட ஆல்பத்தை வெளியிட்டார். பேர்ட்ஸ் கோஷ்டியாரும் அந்த வழிக்கே போனார்கள். பீட்டில்ஸாரும் அந்த ஜனவரியில் அலங்காரங்களைத் துறந்து பழைய எளிமைக்குத் திரும்புவதாகச் சொல்லிக்கொண்டு பதிவு செய்யப் புகுந்தார்கள். 1967 நவம்பரில் ஸான் ஃபிரான்ஸிஸ்கோவில் தொடங்கிய 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகையின் எழுத்தாளர்களுக்கும், 1969-இல் டெட்ராய்ட்டில் தோன்றிய 'கிரீம்' பத்திரிகையின் எழுத்தாளர்களுக்கும் ராக் என்பது மண்ணிலிருந்து, உழைப்பாளியின் வியர்வையிலிருந்து, கறுப்பர்களின் புளூஸிலிருந்து முளைத்த செடி. கச்சேரி மண்டபத்தின் பீங்கான் தொட்டியில் அதை வைப்பது அவர்கள் கண்ணுக்குத் துரோகமாகவே பட்டது. எளிமையே சத்தியம், அலங்காரமே பாசாங்கு என்ற சூத்திரம் அப்போதுதான் உறைந்து கெட்டிப்பட்டது. எளிமையும் ஒரு வேஷமாகலாம் என்பதை அந்தச் சூத்திரக்காரர்கள் எண்ணிப் பார்த்ததில்லை.

'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகையில் ஜான் மெண்டல்ஸோன் எழுதிய மதிப்புரையை இந்தச் சூழலில் வைத்தே படிக்க வேண்டும். பாட்டின் பெயரையே தாங்கிய அந்த ஆல்பத்தைக் குழப்பமான படைப்பு என்று அவர் கருதினார். உயர்ந்த இடங்களில் கோஷ்டியின் உச்சம், தாழ்ந்த இடங்களில் அற்பம் என்பது அவர் மதிப்பீட்டின் சாரம். நேர்மையாகச் சொன்னால் அந்த மதிப்பீட்டில் உண்மை இல்லாமல் இல்லை. அந்த ஆல்பத்தில் பாட்டு அமைத்தவர் மூவர், பாடியவரும் மூவர். புரூக்கரின் கம்பீரம் ஒரு புறம். ஃபிஷரின் இனிய சோகம் ஒரு புறம். ட்ரோவரின் கரடுமுரடான புளூஸ் மற்றொரு புறம். தலைப்புப் பாட்டை முதலில் கேட்டுவிட்டு 'ஜூஸி ஜான் பிங்க்' என்ற கச்சாவான புளூஸுக்கு வருகிறவன் திடுக்கிடத்தான் செய்வான். பிரிட்டனில் 27-ஆம் இடமும் அமெரிக்காவில் 32-ஆம் இடமும் பெற்ற அந்த ஆல்பத்தைத் தயாரித்தவர் ஃபிஷரே. அதன்பின் அவரும் பேஸ் கிதார் வாசித்த டேவ் நைட்ஸும் கோஷ்டியை விட்டு விலகினார்கள் என்பதிலிருந்தே உள்ளிருந்த பிரிவினை தெரிகிறது. இத்தனையும் சரி. ஆனால் ஆல்பத்தின் ஒழுங்கின்மைக்காகப் பாட்டை எதற்காகத் தண்டிக்க வேண்டும்? ஆல்பமே கலைப்படைப்பின் அலகு, தனிப்பாட்டு வியாபாரச் சரக்கு என்ற எண்ணம் அந்த ஆண்டுகளில் வேரூன்றிக்கொண்டிருந்தது. 44-ஆம் இடத்தில் நின்ற தனிப்பாட்டுக்கு வியாபாரத்திலும் மதிப்பில்லை, கலையிலும் இடமில்லை என்றாயிற்று.

ராக் விமர்சகர்களின் ஓரவஞ்சனையைப் பல ஆண்டுகளுக்குப் பின் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். எட்வர்ட் மெக்கன் 1997-இல் வெளியிட்ட 'ராக்கிங் தி கிளாஸிக்ஸ்' என்ற நூல், ஆங்கில முற்போக்கு ராக்கை முதன்முறையாக விரிவாக ஆராய்ந்து, பத்திரிகை விமர்சகர்கள் புளூஸ் மரபையே வேதமாகக் கொண்டு இந்த வகையைத் தீண்டாததாக ஒதுக்கினார்கள் என்று வாதித்தது. ஜான் ஷைன்பாம் என்ற ஆய்வாளர் 2002-இல் எழுதிய கட்டுரை ஒன்றில், சாஸ்திரீய சங்கீதத்தில் குணங்களாகப் போற்றப்படுவனவே ராக் விமர்சனத்தில் குற்றங்களாகத் தலைகீழாக்கப்பட்டன என்று காட்டினார். இந்த வாதங்கள் எனக்கு உடன்பாடே. ஆனால் இந்த வக்கீல்களாலும் கப்பற்பாட்டுக்கு நன்மை விளையவில்லை என்பதுதான் இந்த வழக்கின் விசித்திரம். மெக்கன் தம் நூலில் விரித்து ஆராயும் படைப்புகள் 'டார்க்கஸ்', 'குளோஸ் டு தி எட்ஜ்', 'ஃபர்த் ஆஃப் ஃபிஃப்த்', 'விஷ் யூ வேர் ஹியர்' ஆகியவை: நீண்டவை, பல அங்கங்களாகப் பிரிவன, அமைப்பின் சிக்கலாலேயே ஆராய்ச்சிக்கு இடம் கொடுப்பவை. ஐந்து நிமிஷத்துக்குள் முடிந்துவிடும் ஒரு கதைப்பாட்டில் ஆராய்ச்சியாளனுக்குக் கட்டம் போட்டுக் காட்ட என்ன இருக்கிறது? புரோகல் ஹாரத்தைப் பற்றிப் பேசினால்கூட, 1968-இல் அவர்கள் செய்த பதினேழு நிமிஷத்துக்கு மேற்பட்ட 'இன் ஹெல்ட் ட்வாஸ் இன் ஐ' என்ற நெடும்படைப்பைத்தான் முன்னோடி என்று குறிப்பிடுவார்கள். ஆகப் பத்திரிகைக்காரனுக்கு இந்தப் பாட்டு மிதமிஞ்சிய ஆர்கெஸ்ட்ரா. பண்டிதனுக்கு மிதமிஞ்சிய சுருக்கம். இருதரப்பாரும் நீளத்தையும் எளிமையையும் எடைபோட்டார்கள்; தேவையான அளவுக்கு மேல் ஒரு ஸ்வரமும் இல்லாத கம்பீரம் என்ற குணத்துக்கு இரண்டு தராசிலும் படிக்கல் இல்லை.

சாஸ்திரீய விமர்சகர்களின் பங்கையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 1963-இல் லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகையின் வில்லியம் மான், பீட்டில்ஸாரின் பாட்டுகளில் சாஸ்திரீய நுட்பங்களைக் கண்டுபிடித்து எழுதியது பிரசித்தம். தாங்கள் அப்படி ஒன்றைச் செய்ததாகப் பாடியவர்களுக்கே தெரியாது. தானாக வரும் நுட்பத்தைப் பண்டிதர்கள் பரிசளித்துப் பாராட்டுவார்கள். தெரிந்து செய்யும் நுட்பத்தை அனுமதியில்லாமல் வீட்டுக்குள் நுழைந்ததாகக் கருதுவார்கள். 1969 செப்டம்பரில் டீப் பர்ப்பிள் கோஷ்டியார் லண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில், மால்கம் ஆர்னால்டின் தலைமையில் ராயல் பில்ஹார்மோனிக் வாத்தியகோஷ்டியோடு சேர்ந்து வாசித்தபின், இரண்டு சங்கீதங்களின் கல்யாணம் என்பது செய்தித்தாள்களுக்கு ஒரு வேடிக்கைத் தலைப்பாகிவிட்டது. அதே ஆண்டுக் கோடையில் சத்தமில்லாமல் வெளிவந்த கப்பற்பாட்டில் கல்யாணமும் இல்லை, சீர்வரிசையும் இல்லை. ஆகவே தலைப்பும் இல்லை.

இந்த வகைப்பாட்டுகளை விமர்சகர்கள் எவ்வளவு அலட்சியமாகக் கையாண்டார்கள் என்பதற்கு பார்க்லே ஜேம்ஸ் ஹார்வெஸ்ட் கோஷ்டியின் கதை நல்ல உதாரணம். அவர்களை 'ஏழைகளின் மூடி புளூஸ்' என்று ஒரு பத்திரிகைக்காரர் ஏளனம் செய்தார். அந்த ஏளனத்தையே தலைப்பாக வைத்து, 'நைட்ஸ் இன் ஒயிட் ஸாட்டின்' சாயலிலேயே ஒரு பாட்டை 1977-இல் ஜான் லீஸ் அமைத்துவிட்டார். அந்தப் பாட்டு இடம்பெற்ற ஆல்பம் ஜெர்மனியில் ஆண்டுக்கணக்கில் விற்பனைப் பட்டியலில் நீடித்தது. இங்கிலாந்தில் ஏளனம் எழுதியவர்களைப் பெர்லினில் கேட்டவர்கள் படிக்கவில்லை என்பது அந்தக் கோஷ்டியின் பாக்கியம். புரோகல் ஹாரத்துக்கும் இங்கிலாந்துக்கு வெளியேதான் ஆறுதல் கிடைத்தது. ஆனால் அந்த ஆறுதலிலும் ஒரு முள் இருந்தது.

1971 நவம்பர் 18-ஆம் தேதி, கனடாவின் எட்மண்டன் நகரில், லாரன்ஸ் லியோனார்டின் தலைமையில் அந்த நகரத்துச் சிம்பனி ஆர்கெஸ்ட்ராவும் ஒரு பாடகர் குழுவும் சேர்ந்துகொள்ள, புரோகல் ஹாரம் மேடையேறியது. மறு ஆண்டில் வெளிவந்த அந்தக் கச்சேரிப் பதிவு அமெரிக்காவில் ஐந்தாம் இடத்தை அடைந்தது. கோஷ்டியின் ஆல்பங்களில் அவ்வளவு உயரம் ஏறியது வேறொன்றும் இல்லை. அதில் மூன்றாவதாக ஒலிப்பது நம் பாட்டு. இனியாவது உலகம் திரும்பிப் பார்த்திருக்க வேண்டும் அல்லவா? திரும்பிப் பார்த்தது, ஆனால் அதே பதிவில் முதலாவதாக இருந்த 'காங்கிஸ்டடார்' என்ற 1967-ஆம் ஆண்டுப் பாட்டைத்தான். எக்காளங்கள் முழங்க வேகமாக ஓடும் அந்தப் பாட்டு தனி இசைத்தட்டாகி அமெரிக்காவில் 16-ஆம் இடத்தைப் பிடித்தது. முன்பு ஆர்கன் மறைத்ததை இப்போது எக்காளம் மறைத்தது. எட்மண்டன் பதிவைப் பற்றி எனக்கு வேறொரு கருத்தும் உண்டு: அங்கே வாத்தியங்கள் பெருகியதால் கடல் விரிந்தது உண்மைதான், ஆனால் அந்த விரிவில் தனித்து நிற்கும் குரலின் ஏகாந்தம் குறைந்துவிட்டது. ஸ்டூடியோவில், ஆபே ரோட் கூடத்தில், அளவோடு அமர்த்திய தந்திகளுக்கு நடுவே புரூக்கர் பாடியதுதான் பாட்டின் மெய்யான வடிவம். கச்சேரிப் பதிவை வைத்து இந்தப் பாட்டை முதலில் அறிந்தவர்கள், அதைப் பெரிய மண்டபத்துப் பாட்டு என்று எண்ணிக்கொண்டதும் அதன் கீர்த்திக்கு ஓரளவு கெடுதல் செய்தது.

பாட்டின் பக்ஷத்தில் பேசுகிறவன் அதன் குறைகளை மறைக்கலாகாது. மொழி வேண்டுமென்றே பழமையானது. கப்பற்குறிப்பேடு, கையெழுத்துச் சாட்சி என்று பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கடற்கதைகளின் தளவாடங்களெல்லாம் அதில் உண்டு. பறவையின் கூச்சலையும் சீழ்க்கையையும் பதிவிலே சேர்த்தது, தந்திகளே செய்துவிட்ட வேலையை மறுபடி செய்வதாகும். அவை இல்லாதிருந்தால் ஒன்றும் குறைந்திராது. மூன்றாம் சரணத்தின் உச்சத்தில் புரூக்கரின் குரல் அழுகையின் விளிம்புக்கு வரும்போது, சிலருக்கு அது அபிநயமாகப் படலாம். எனக்கு அப்படிப் படவில்லை, ஆயினும் படுகிறவர்களோடு சண்டையிட மாட்டேன். இந்தக் குறைகளைச் சுட்டி எவரேனும் விரிவாக எழுதியிருந்தால் அது கௌரவமான விமர்சனமாக இருந்திருக்கும். பாசாங்கு என்ற ஒற்றைச் சொல்லை ஒரு வகையின்மேல் வீசி, அந்த வகையில் அடங்கிய ஒவ்வொன்றின்மேலும் அது பட்டுவிட்டதாகக் கொள்வது விமர்சனம் ஆகாது.

விமர்சகர்கள் செய்யாததைப் பாடகர்கள் செய்தார்கள். இங்கிலாந்தின் மின்னிசைப் பாப் உலகிலிருந்து வந்த மார்க் ஆல்மண்ட் இதைப் பாடினார். நாடகமேடையில் புகழ்பெற்ற ஸேரா பிரைட்மன் 1993-இல் கடலையே பொருளாகக் கொண்ட தம் 'டைவ்' ஆல்பத்தில் இதைச் சேர்த்தார். அமெரிக்காவின் ஸ்டிக்ஸ் கோஷ்டியார் 2005-இலும், முற்போக்கு ராக்கின் பிற்காலத்து வாரிசுகளான டிரான்ஸட்லாண்டிக் கோஷ்டியார் 2009-இலும் பதிவு செய்தார்கள். இவர்கள் நால்வருக்கும் தங்களுக்குள் பொதுவான ரசனை என்று ஒன்றைக் கண்டுபிடிப்பது கடினம். ஒருவருடைய ரசிகர் மற்றொருவருடைய வாசல்படியை மிதிக்கமாட்டார். பாடிப் பார்த்தவனுக்குத்தான் ஒரு பாட்டின் எலும்பு தெரியும். எங்கே மூச்சு வாங்க வேண்டும், எங்கே ஸ்தாயி ஏறுகிறது, எந்த இடத்தில் தாளமின்றித் தாங்கிநிற்க வேண்டும் என்பதை அவன் தன் தொண்டையாலும் கையாலும் அளந்திருப்பான். புரோகல் ஹாரம் 2006-இல் டென்மார்க்கில் அந்நாட்டு வாத்தியகோஷ்டியோடு நடத்திய கச்சேரியிலும் இந்தப் பாட்டு இடம்பெற்றது. 1977-இல் கலைந்து 1991-இல் மீண்டும் கூடிய கோஷ்டியில், முதலில் இருந்தவர்களில் புரூக்கர் ஒருவரே அப்போது மேடையில் எஞ்சியிருந்தார்.

வில்சன் 1990-இல் இறந்தார். புரூக்கர் 2022 பிப்ரவரியிலும், ரீட் அடுத்த ஆண்டு மார்ச்சிலும் காலமானார்கள். இரங்கற்குறிப்புகளை எழுதியவர்கள் அநேகமாக எல்லாரும் 1967-ஆம் ஆண்டுப் பாட்டின் பெயரைத் தலைப்பிலேயே போட்டார்கள்; அதை யாரும் குறை சொல்ல முடியாது, செய்தித்தாளின் தர்மம் அது. கப்பற்பாட்டைக் குறிப்பிட்டவர்களும் உண்டு. அவர்களில் பலர் அதைப் போற்றவே செய்தார்கள், வழக்கம்போல ஓர் அடைமொழியோடு.